மோட்டரைத் தூக்கினாலும் ஓடவேண்டும்: வன்னித் தண்ணீருக்கு வள்ளம் தெரிவது

வள்ளம் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, "எத்தினை குதிரை போடலாம் அண்ணை?" வன்னித் தண்ணீருக்கு இந்தக் கேள்வி மூன்றாவதாக வந்தால் போதும். மோட்டரைத் தூக்கி வைத்துவிட்டு ஒருவர் தனியே மரக்கோலால் தாங்கி (அடியில் ஊன்றித் தள்ளி) இந்த வள்ளத்தை ஐந்நூறு மீற்றர் கொண்டுபோக முடியுமா என்பது முதல் கேள்வி. நாலு பேர் சேர்ந்து இதைத் தூக்கி லாண்ட்மாஸ்ரர் (இருசில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் வைக்க முடியுமா என்பது அடுத்தது. இரண்டுக்கும் ஆம் என்றால் குதிரைவலுவைப் பற்றிப் பேசலாம்.

எங்கள் ஆறுகள் எல்லாம் மாரி ஆறுகள். கனகராயன் ஆறு, பேராறு, பாலியாறு, பறங்கியாறு எதை எடுத்தாலும் கார்த்திகை மார்கழியில் கரை முட்டி ஓடும். ஆடி ஆவணியில் மணலும் இடைக்கிடை மடுவுமாகக் கிடக்கும். 164 கிலோமீற்றர் ஓடி வந்து மன்னாரில் கடலைச் சேரும் அருவி ஆறு, இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு என்ற பெயரை வைத்துக்கொண்டும் கோடையில் ஒடுங்கிவிடும். ஆற்றுக்கென்று மட்டும் ஒரு வள்ளம் வாங்கினால் வருடத்தில் எட்டு மாதம் அது கோழி அடைகாக்கும் இடம். மாரியில் ஆறு, மாரி ஓய்ந்ததும் குளம், இடையில் களப்பு என்று மூன்றுக்கும் ஒரே வள்ளம்தான் கட்டுப்படியாகும். துடுப்பும் மோட்டரும் சேர்ந்த கலப்பு வள்ளம் என்ற யோசனை இங்கே பொருந்துவது இதனால்தான்.

ஆற்று மீன்பிடிக்கென்றே அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், மக்கென்சி ஆற்றில் உருவான வள்ளம் ஒன்று உண்டு. டிரிஃப்ட் போட் என்பார்கள். தட்டையான அடி, வெளியே சரிந்த பக்கங்கள், முன்னும் பின்னும் வாழைப்பழம்போல மேலெழும் அடிவளைவு. துடுப்பு வலிப்பவர் ஓட்டம் போகும் திசையைப் பார்த்தபடி இருந்து, ஓட்டத்துக்கு எதிராக வலித்து வள்ளத்தைத் தாமதப்படுத்துவார். வள்ளம் தண்ணீரைவிட மெதுவாகப் போவதால், பாறையோ மரமோ எதிர்ப்பட்டால் பக்கமாக விலக நேரம் கிடைக்கும். நடுப்பகுதி மட்டும் தண்ணீரில் அமர்ந்திருக்க, இரு முனையும் தூக்கி நிற்பதால் ஒரு வலியில் திரும்பும்.

அதே வள்ளத்தின் பின்பக்கத்தில் மோட்டரைப் பூட்டினால் கதை மாறும். தூக்கி நிற்கும் பின்பக்கத்துக்குக் கீழே தாங்குவதற்குத் தண்ணீர் இல்லை. மோட்டரின் 30 கிலோவும் ஓட்டுபவரின் 70 கிலோவும் அங்கே இறங்க, அணியம், அதாவது முன்முனை, வானத்தைப் பார்க்கும். கைபிடியை முறுக்க முறுக்கப் பின்பக்கம் இன்னும் அமரும். வேகம் கூடாது, எண்ணெய்தான் கூடும். கலப்பு வள்ளம் இந்தச் சிக்கலுக்கு மறுமொழி: முன்பாதியில் அடிவளைவை வைத்துக்கொண்டு, பின்னுள்ள மூன்றில் ஒரு பங்கை நேராக்கி, பின்பலகையை அகலமாக்குவது.

இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளக்க வேண்டும். வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு, நேரான ஒரு நீளச் சட்டத்தை அடியின் நடுக்கோட்டில், பின்பாதியோடு ஒட்டியிருக்கும்படி வையுங்கள். பின்பலகையில் இருந்து 4 அல்லது 5 அடி தூரத்துக்குச் சட்டத்துக்கும் அடிக்கும் இடையில் இடைவெளி தெரியக்கூடாது. இருந்தால் பின்முனையில் 5 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். அணியப் பக்கம் 15 முதல் 20 சென்ரிமீற்றர் எழும்பினால் நல்லது. முன்னும் பின்னும் ஒரே அளவு எழும்பினால் அது துடுப்புக்கான வள்ளம், மோட்டர் ஆசையை விட்டுவிடுங்கள். எங்குமே எழும்பவில்லை என்றால் மோட்டரில் நன்றாக ஓடும், ஆனால் ஓட்டத்தில் துடுப்பால் திருப்பும்போது தோள்மூட்டு கழன்றுவிடும்.

நீளம் 14 அடி, அடி அகலம் 4 அடி, மேலகலம் ஐந்தரை அடி, பக்க உயரம் 50 சென்ரிமீற்றர். இரண்டு பேர் தொழில் செய்ய இது போதும். முல்லைத்தீவுக் கரையில் நிற்கும் 18 அடி பைபர் போட்டைக் குளத்துக்குக் கொண்டுவரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஓடும். ஆனால் கோடையில் தண்ணீர் பின்வாங்கியதும் அலைகரைச் சேற்றில் அதை இழுக்க ஆள் தேட வேண்டும்.

எவ்வளவு தாழும் என்பதை வாங்குமுன்பே கணக்குப் பார்த்துவிடலாம். 14 அடிக்கு 4 அடி என்றால் 5.2 சதுர மீற்றர். அணியத்தின் கூரும் அடிவளைவும் கழிந்து, தண்ணீரைத் தொடுவது ஏறக்குறைய 4 சதுர மீற்றர். ஒரு சென்ரிமீற்றர் தாழ 40 லீற்றர் தண்ணீர் விலக வேண்டும், அதாவது 40 கிலோ. வள்ளம் 90, இரண்டு பேர் 140, மோட்டர் 27, எண்ணெயும் கலனும் 13, வலை, ஐஸ் பெட்டி, நங்கூரம் எல்லாம் 60. மொத்தம் 330 கிலோ. எட்டேகால் சென்ரிமீற்றர் தாழும். நனைந்த வலையும் மீனுமாக இன்னொரு 100 கிலோ ஏறினால் 11 சென்ரிமீற்றருக்குக் கிட்ட. இதே சுமையை ஒடுக்கமான, 2 சதுர மீற்றர் மட்டும் தொடும் வள்ளத்தில் ஏற்றினால் 21 சென்ரிமீற்றர். தை மாதத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனியில் தெரியும்.

மோட்டர் மூன்று வகை

பெற்றோல் அவுட்போட், மின்மோட்டர், நீள்வால் எஞ்சின். இவற்றில் எது நல்லது என்று கேட்பதைவிட, எந்தத் தண்ணீரில் எது கைவிடும் என்று தெரிந்து வைத்திருப்பது பிரயோசனம்.

அவுட்போட் எஞ்சினில் 6 முதல் 10 குதிரைவலு இந்த வள்ளத்துக்குச் சரி. தண்ணீர்மேல் வழுக்கி ஓட வேண்டுமென்றால் ஏறக்குறைய 25 கிலோ சுமைக்கு ஒரு குதிரைவலு வேண்டும். 330 கிலோவுக்கு 13, 15 என்று போகும். 8 குதிரைவலுவில் வள்ளம் தண்ணீரைத் தள்ளித்தான் ஓடும். ஆற்றுக்கு அது போதும். வளைவுக்கு வளைவு மரக்குற்றி கிடக்கும் இடத்தில் வழுக்கி ஓடி என்ன காணப்போகிறோம்? பழைய இரண்டடி (ரூ ஸ்ரோக்) எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 4 லீற்றர் அளவில் குடிக்கும், பாதி வேகத்தில் அதில் பாதி. எண்ணெய்க் கலவை 50:1 என்றால் 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் ஒயில். போத்தல் மூடியால் அளப்பதை விட்டுவிட்டு, மருந்துக்கடையில் விற்கும் அளவுக் குவளை ஒன்று வாங்கி எஞ்சினோடேயே வையுங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் கடலில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓடுபவருக்கு லாபம். வலைக்கு வலை நிறுத்தி, மெதுவாக ஊர்ந்து, மறுபடி கிளப்பும் ஆற்றுத் தொழிலில் அது பிளக்கைக் கரியாக்கும்.

பழைய எஞ்சின் வாங்குவோர் விழும் குழி தண்டின் நீளம். எங்களுக்குக் கிடைக்கும் பழைய எஞ்சின்களில் பெரும்பாலானவை கடல் தொழிலில் இருந்து கழிந்தவை, நீளத்தண்டு. நீளத்தண்டுக்குப் பின்பலகை 20 அங்குலம் இருக்க வேண்டும், குறுந்தண்டுக்கு 15. குளத்து வள்ளங்களின் பின்பலகை பெரும்பாலும் 15 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். அதில் நீளத்தண்டை மாட்டினால் விசிறி 5 அங்குலம் கூடுதலாக இறங்கி நிற்கும். மேலே கணக்குப் பார்த்துச் சேமித்த சென்ரிமீற்றர் எல்லாம் இதிலேயே போய்விடும். விசிறிக்கு மேலே படுக்கையாக இருக்கும் தட்டு, வள்ளத்தின் அடியோடு ஒரே மட்டத்தில் அல்லது ஒரு அங்குலத்துக்குள் கீழே நிற்க வேண்டும். அதற்கும் கீழே என்றால் இழுவை; மேலே என்றால் விசிறி காற்றைக் குடித்து எஞ்சின் வீணாக அலறும். நீளத்தண்டுதான் கையில் இருக்கிறது என்றால் பின்பலகைக்கு மேலே மரக்கட்டை வைத்து உயர்த்தலாம், ஆனால் அந்தக் கட்டையைப் பின்பலகையோடு ஊடுருவும் போல்ற் நான்கு போட்டு இறுக்க வேண்டும். திருகாணியில் நம்பி விட்ட எஞ்சின் குளத்தின் அடியில்தான் போய் நிற்கும். எஞ்சினையும் தனியே ஒரு கயிற்றால் வள்ளத்தோடு கட்டி வையுங்கள்.

மின்மோட்டர் சத்தம் போடாது, எண்ணெய் கேட்காது, பின்பலகையில் 10 கிலோ அளவுதான். 55 இறாத்தல் உந்துவிசை உள்ளது முழு வேகத்தில் 50 அம்பியர் இழுக்கும். 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். காகிதக் கணக்கில் ஒரு மணித்தியாலம். வேகமாக இழுக்கும்போது பற்றரியின் கொள்ளளவு குறைவதால் முக்கால் மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை வேகத்தில் இரண்டரை, மூன்று மணித்தியாலம் வரும். லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி அதே அளவில் 12 கிலோதான், ஈயத்தது 27 கிலோவுக்கு மேல். எடுக்கக்கூடிய மின்சாரமும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. லொறிப் பற்றரியைப் போட்டுப் பார்ப்பவர்கள் ஒரு கோடைக்குள் அதைப் பழைய இரும்புக்குக் கொடுக்கிறார்கள். எஞ்சினைக் கிளப்பும் பற்றரி ஒரு நொடி பெரிதாகக் கொடுக்கச் செய்தது. மெல்லிய தகடுகள், ஆழமாக இறங்கி ஏறத் தாங்காது.

வயர்தான் பலருக்கும் சறுக்கும் இடம். பற்றரி அணியத்தில், மோட்டர் பின்னால், இடையில் 3 மீற்றர் என்றால் போகவர 6 மீற்றர் செம்பு. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 4 சதுர மில்லிமீற்றர் வயரில் 50 அம்பியர் ஓடும்போது 1.3 வோல்ற் வழியிலேயே தொலையும்; 65 வாற் வயரில் சூடாகும். 16 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு மூன்றில் ஒரு வோல்ற். பற்றரியின் நேர்முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 60 அம்பியர் பிறேக்கர் இருக்க வேண்டும். விசிறியில் வலை சுற்றி மோட்டர் நின்றுவிட்டால் அம்பியர் ஏறும். பிறேக்கர் இல்லையென்றால் முதலில் உருகுவது வயர்தான், அதுவும் எண்ணெய்க் கலனுக்குப் பக்கத்தில்.

சூரியத் தகட்டில் ஏற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு: 100 வாற் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 25 முதல் 30 அம்பியர்-மணி தரும். காலையில் 50 செலவழித்தால் நிரப்ப இரண்டு நாள். தகடு இரண்டு வேண்டும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் தொழில்.

மின்மோட்டர் கைவிடும் இடங்கள் இரண்டு. மாரி ஆற்றில் ஓட்டம் மணிக்கு 6 கிலோமீற்றர் என்றால், சுமையோடு அதே அளவுக்குமேல் போகமுடியாத இந்த மோட்டர் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டு அந்த இடத்திலேயே நிற்கும். மற்றது சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று. வைகாசியில் இருந்து புரட்டாதி வரை குளத்தில் காலை ஒன்பது பத்து மணிக்குக் காற்று எழும்பிவிடும். இரணைமடு போன்ற திறந்த குளத்தில் அது அலையாகும். பக்கம் உயர்ந்த வள்ளம் காற்றுக்குப் பாய்போல. போகும்போது காற்றுக்கு எதிராகப் போய், வரும்போது காற்றோடு வருகிற மாதிரி வலையிடும் இடத்தைத் தெரிந்தால் பற்றரி இறங்கினாலும் வீடு வரலாம். இதற்கு நேர்மாறாகச் செய்து, குளத்தின் மறுகரையில் இரவு யானைகளோடு தங்க நேர்வது நல்லதில்லை.

மூன்றாவது, நீள்வால். தண்ணிப் பம்பின் 6.5 குதிரைவலு எஞ்சினுக்கு நீளமான தண்டும் நுனியில் சிறிய விசிறியும் பூட்டியது. காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால் சேற்றைக் குடித்து இம்பெல்லர் (குளிர்விக்கும் தண்ணீரை ஏற்றும் சிறு சில்லு) போகும் பிரச்சினை இல்லை. விசிறி நீர்மட்டத்தை ஒட்டிச் சுற்றுவதால் தாமரைக் கொடிக்குள்ளும் சாதாழைக்குள்ளும் போகும். குற்றியில் பட்டால் தண்டைக் கையால் அமர்த்தித் தூக்கிவிடலாம். பிளக், காபரேற்றர், இழுவைக் கயிறு எல்லாம் பம்ப் திருத்தும் கடையில் கிடைக்கும். தோட்டம் செய்கிறவர்களின் வீட்டிலேயே பாதிச் சாமான் இருக்கும். குறை, பின்னோக்கிப் போகாது, சத்தம் பெரிது, திருப்ப இடம் வேண்டும். களை மண்டிய குளங்களுக்கு எங்கள் தெரிவு இதுதான். திறந்த ஆற்றுக்கு அவுட்போட். விரால் தேடி அதிகாலையில் மெதுவாக ஊர்பவருக்கு மின்மோட்டர். பணம் இருந்தால் பின்னால் 8 குதிரைவலுவும் அணியத்தில் மின்மோட்டரும் வைக்கலாம். அப்போது பற்றரியின் எடை அணியத்துக்குப் போய் எஞ்சினைச் சமப்படுத்தும், வள்ளம் நேராக ஓடும்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். குளத்தில் மோட்டர் போடலாமா என்பதை அந்தக் குளத்து மீனவர் சங்கத்திடமும் கடற்றொழில் பரிசோதகரிடமும் கேட்காமல் காசை இறக்காதீர்கள். வன்னிக் குளங்களில் இன்றைக்கும் பெரும்பாலும் சவள் (கைத்துடுப்பு) வலிக்கும் வள்ளங்கள்தான். இடுவலை விரித்திருக்கும் இடத்துக்குள் எஞ்சினோடு வருகிறவரை யாரும் விரும்புவதில்லை. கட்டுக்கரைக் குளம் சரணாலயம். கனகராயன் ஆறு போய் விழும் சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. அங்கெல்லாம் வனசீவராசிகள் திணைக்களத்தின் சொல்லும் வேண்டும்.

தங்கூசியும் விசிறியும்

எஞ்சின் கொல்லப்படுவது பெரும்பாலும் பாறையில் இல்லை, மயிர் போன்ற ஒரு தங்கூசியில் (நைலோன் வலை இழையில்) தான். அறுந்த வலைத்துண்டு விசிறியில் சுற்றும். வெளியே தெரிவதை வெட்டி எறிந்துவிட்டு ஓடிவிடுவோம். மிச்சம் தண்டோடு உள்ளே ஏறி, விசிறிக்குப் பின்னாலுள்ள ஒயில் சீலை மெல்ல மெல்ல அறுக்கும். சீல் போனால் கியர் ஒயில் வெளியே, தண்ணீர் உள்ளே.

ஆகவே வலை சுற்றிய நாளில் கரைக்கு வந்ததும் விசிறியைக் கழற்ற வேண்டும். பிளக்கின் வயரை முதலில் கழற்றி ஒதுக்கி விடுங்கள். விசிறியைக் கையால் சுற்றும்போது எஞ்சின் கிளம்பினால் விரல் மிஞ்சாது. பூட்டுக்கம்பியை நிமிர்த்தி இழுத்து, நட்டைக் கழற்றி, விசிறியைப் பின்னால் உருவினால் தண்டில் வெள்ளை மோதிரம்போல தங்கூசி இறுகிக் கிடக்கும். கத்தியால் கீறாதீர்கள், சீலும் சேர்ந்து வெட்டுப்படும். நுனியைப் பிடித்து, சுற்றியதற்கு எதிர்ப்பக்கமாக அவிழுங்கள். பிறகு கியர் பெட்டியின் கீழ்த் திருகாணியைச் சற்றுத் தளர்த்தி நாலு துளி ஒயில் பாருங்கள். தேன் நிறமோ கறுப்போ என்றால் தப்பினீர்கள். பால் தேநீர் நிறமென்றால் தண்ணீர் போய்விட்டது. சீலை மாற்றாமல் ஒயிலை மட்டும் மாற்றி ஓடினால் சில மாதத்தில் பல்லுச் சில்லு போகும். புது ஒயிலைக் கீழ்த் துளையால் ஏற்ற வேண்டும், மேல் துளையால் வழியும்வரை. மேலால் ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும்.

சிறிய எஞ்சின்களில் விசிறியைத் தண்டோடு பிணைக்கும் சிறு ஊசி ஒன்று இருக்கும். குற்றியில் அடித்தால் அது முறிந்து கியரைக் காப்பாற்றும். முறிந்ததும் ஆணி ஒன்றை வெட்டிப் போடுவது நம்மவர் வழக்கம். அடுத்த அடியில் ஆணி முறியாது, பல்லு முறியும். சரியான ஊசி மூன்று, பூட்டுக்கம்பி மூன்று, குறடு ஒன்று, மூடியுள்ள போத்தலில் போட்டு இருக்கைக்குக் கீழே கட்டிவையுங்கள்.

எஞ்சினின் பின்னால் பீறும் தண்ணீரை ஓடும்போது இடைக்கிடை திரும்பிப் பார்க்கப் பழக வேண்டும். அது மெலிந்தால் களையோ சேறோ அடைத்திருக்கிறது, அல்லது இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது. மணல் கலந்த ஆற்றுத் தண்ணீரில் ஓடும் எஞ்சினுக்கு இம்பெல்லரை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது அதிகமில்லை. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் என்று களப்பில் ஓடிய நாளில் பெரிய வாளியில் நல்ல தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள்.

வலைத் தொழிலுக்கு வள்ளத்தின் உட்பக்கமும் முக்கியம். துடுப்புக் கொளுவி, போல்ற் தலை, ஆணி, எஞ்சின் இறுக்கி, எல்லாம் வலைக்கு முள். நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொன்றையும் சைக்கிள் ரியூப் துண்டால் மூடிக் கட்டலாம். துடுப்புக் கொளுவி கழற்றக் கூடியதாக இருக்க வேண்டும். வலையை எப்போதும் அணியத்தில் இருந்து இழுங்கள், எஞ்சினைத் தூக்கிவிட்டு. வீச்சுவலைக்காரர் நிற்கும் பலகையில், ஈரப் பெயின்ரின்மேல் ஆற்றுமணலைத் தூவிக் காயவிட்டால் கால் வழுக்காது.

துடுப்பின் நீளத்துக்கு ஒரு கணக்கு: இரண்டு கொளுவிக்கும் இடையிலான தூரத்தில் பாதியோடு 5 சென்ரிமீற்றரைக் கூட்டினால் அது உள்ளே இருக்க வேண்டிய அளவு. அதை 25ஆல் பெருக்கி 7ஆல் பிரிக்க முழு நீளம். கொளுவி இடைவெளி 150 என்றால் 80 உள்ளே, மொத்தம் 286, ஒன்பதரை அடிக்குக் கிட்ட. மரக்கோல் 12 முதல் 15 அடி. சேற்றுக் குளத்துக்கு நுனியில் கவர்த்தடி ஒன்றைக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கோல் புதைந்து நிற்க, பிடித்தவர் கோலோடு நிற்க, வள்ளம் மட்டும் போகும்.

பழைய பைபர் வள்ளம் பார்க்கும்போது

பின்பலகையில் தொடங்குங்கள். எஞ்சினைப் பூட்டி, அதன் அடிப்பகுதியைப் பிடித்து மேலே தூக்கி அமர்த்துங்கள். பலகை அசைந்தால், அல்லது போல்ற் துளையில் இருந்து கபில நிறத் தண்ணீர் கசிந்தால், உள்ளேயிருக்கும் பிளைவூட் உக்கிவிட்டது. அந்த வள்ளத்தின் விலையோடு புதுப் பின்பலகையின் விலையையும் கூட்டிப் பாருங்கள். அடியை ஐந்து ரூபாய்க் குற்றியால் சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டு போங்கள். கணீரென்ற சத்தம் தட்டையாகி மொத்தென்று கேட்கும் இடத்தில் படை பிரிந்திருக்கிறது. மேற்பூச்சில் சிலந்திவலைபோல வெடிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். வெடிப்பின் உட்பக்கத்தில் பாய் (கண்ணாடி இழைப் படை) வெளுத்திருந்தால்தான் அடிபட்ட இடம்.

கிறவல் கரையில் இழுத்து இழுத்து அடி தேய்வது எங்கள் வள்ளங்களுக்கு வரும் நிரந்தர நோய். திருத்துவது கடினமில்லை. ஓட்டையைச் சுற்றித் தடிப்பைப்போல பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சாய்வாக உரோஞ்ச வேண்டும். 5 மில்லிமீற்றர் தடிப்பென்றால் சுற்றிவர 6 சென்ரிமீற்றர். நன்றாகக் காயவிட்டு, அசற்றோனால் துடைத்து, 450 கிராம் பாயைச் சிறிதில் இருந்து பெரிதாக அடுக்குங்கள். ஒரு சதுர மீற்றர் பாய்க்கு ஏறக்குறைய ஒரு கிலோ ரெசின் போகும். ஒரு கிலோ ரெசினுக்கு அதை இறுகவைக்கும் திரவம் (ஹார்ட்னர்) 10 மில்லிலீற்றர் எங்கள் வெயிலுக்குப் போதும். கெதியாக இறுகட்டும் என்று 20க்குமேல் ஊற்றினால் கலவை சூடேறிக் கோப்பையிலேயே கல்லாகும், ஒட்டினாலும் வெடிக்கும். 300 கிராமுக்குமேல் ஒரே தடவையில் கலக்க வேண்டாம், வேலையைக் காலை எட்டு மணிக்குள் முடியுங்கள். ரோலரால் காற்றுக் குமிழை வெளியே தள்ளாத பாய் பஞ்சுதான்.

மூழ்காத வள்ளம் என்று விற்பவர் சொல்வதை அப்படியே எடுக்காதீர்கள். தண்ணீர் நிரம்பிய 90 கிலோ பைபர் ஏறக்குறைய 30 கிலோவாகக் கீழே இழுக்கும், எஞ்சினும் பற்றரியும் சேர்ந்தால் 70, 80. காலியான 20 லீற்றர் எண்ணெய்க் கலன் ஐந்தை மூடி இறுக்கி, இருக்கைகளுக்குக் கீழே நைலோன் பட்டியால் கட்டினால் 100 லீற்றர் மிதப்பு. கவிழ்ந்தாலும் பிடித்துக்கொண்டு கிடக்கலாம். இரண்டைப் பின்பக்கம் வையுங்கள், அங்கேதான் பாரம். உயிர்காப்பு அங்கி இருக்கைக்குக் கீழே கிடந்தால் அது இன்னொரு சாக்கு; உடம்பில் இருக்க வேண்டும்.

மாரி ஆற்றில் ஆளைக் கொல்வது மருதமரம். கரை நெடுக அதன் வேர் தண்ணீருக்குள் இறங்கி வலைபோல நிற்கும். தண்ணீர் வேருக்குள்ளால் போய்விடும், வள்ளமும் ஆளும் போகமுடியாது. ஓட்டம் அழுத்திப் பிடிக்கும். வளைவின் வெளிக்கரையில்தான் ஓட்டம் கூட, வேரும் அங்கேதான். ஆகவே வளைவுக்கு முன்பே உட்கரைப் பக்கம் வலித்து வைத்துக்கொள்ள வேண்டும். மரத்தில் பக்கவாட்டாகச் சாத்தப்பட்டுவிட்டால் எல்லோரும் மரத்தின் பக்கம் சாயுங்கள். பயத்தில் ஓட்டம் வரும் பக்கம் சாய்ந்தால் அந்த விளிம்பால் தண்ணீர் ஏறி வள்ளம் ஒரு நொடியில் புரளும். சப்பாத்துப் பாலத்துக்கு (தாழ்ந்த தரைப்பாலத்துக்கு) மேலால் தண்ணீர் வழிந்து ஓடும்போது அதைக் கடக்க நினைக்கவே கூடாது. இறங்கி, வள்ளத்தைத் தூக்கிப் போங்கள். நாலு பேர் தூக்கக்கூடிய வள்ளம் வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

ஓடும் ஆற்றில் நங்கூரத்தைப் பின்பக்கத்தில் கட்டாதீர்கள். எஞ்சினுக்காகத் தாழ்த்தி வெட்டிய பின்பலகை ஓட்டத்தை எதிர்கொண்டால் தண்ணீர் அதன் மேலால் ஏறும். அணியத்தில் கட்டுங்கள், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுப் போடுங்கள், பக்கத்தில் கத்தி ஒன்று இருக்கட்டும். கயிறு ஆழத்தைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு. நந்திக்கடல் பக்கத்தில் நங்கூரத்தில் உலோகப் பொருள் ஏதும் மாட்டி வந்தால், அது போரில் மிஞ்சிய வெடிபொருளாக இருக்கலாம், வள்ளத்துக்குள் ஏற்றிப் பார்க்காமல் கயிற்றை வெட்டிவிடுங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு பொலிசுக்குச் சொல்லுங்கள்.

குளத்துக்குக் கீழேயுள்ள ஆற்றில் தொழில் செய்பவர் மழையைப் பார்த்தால் போதாது, வான்கதவையும் பார்க்க வேண்டும். 2018 மார்கழியில் இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியில் வெள்ளம் எப்படி ஏறியது என்பது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். தலைக்குமேல் வெயில் எறிக்கும்போதும் கீழ் ஆறு உயரலாம். நீர்ப்பாசனத் திணைக்களம் கதவு திறக்கப்போவதாக அறிவித்த நாளில் வள்ளம் கரையில் மட்டுமல்ல, மேட்டுக் கரையில் இருக்க வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றின் அடி பழைய அடி இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். மணல் அள்ளிய கிடங்குகள் இடம் மாறியிருக்கும், புதுக் குற்றிகள் கிடக்கும். முதல் நாள் எஞ்சினைத் தூக்கிவிட்டு மரக்கோலால் தாங்கிப் பாதை பார்த்து வாருங்கள்.

கோடையில் வள்ளம் சும்மா கிடக்கப் போகிறது என்றால் காபரேற்றரில் உள்ள பெற்றோலை வடித்துவிடுங்கள், இரண்டு மாதத்தில் அது பசையாகும். எஞ்சினை நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைத்தால் உள்ளே தங்கிய தண்ணீர் சிலிண்டருக்குப் போகலாம். ஈயப் பற்றரியை மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள். வள்ளத்தைக் கவிழ்த்து, மூன்று பழைய ரயருக்கு மேலே, நிழலில் வையுங்கள். மரநிழல் நல்லது. தென்னைக்குக் கீழே வேண்டாம்.